காலடியில் மைல்ஸ் டேவிஸ்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தின் மேற்கு விளிம்பில், டெல்மார் புலவார்ட் என்ற சாலையின் ஒரு பகுதிக்கு 'லூப்' என்று பெயர். ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் அதுவரை வந்து, சுற்றித் திரும்பிப் போயின. வண்டிகள் நின்றுபோன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உணவகங்கள், இசைக்கூடங்கள், பழைய இசைத்தட்டு விற்கும் கடை என்று அந்தச் சாலை எப்போதும் கலகலப்பாக இருக்கும். அதன் இரு பக்க நடைபாதையிலும் சில அடிக்கு ஒன்றாகப் பித்தளை நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்தோடும் ஒரு வெண்கலத் தகடு. நட்சத்திரத்தில் பெயர், தகட்டில் வாழ்க்கைச் சுருக்கம். மொத்தம் 150க்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தரையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். அவர் பெயர் இங்கே ஏறியது 1990இல். அடுத்த ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

தரையில் பதிக்கும் தகடு சுவரில் மாட்டும் தகடு போலக் கிடையாது. வார்ப்பில் எழுத்துகள் மேடாக நிற்கும், பின்புலம் சொரசொரப்பாகப் பள்ளத்தில் இருக்கும். பள்ளத்தில் தூசியும் மழைநீரும் தங்கி, வெண்கலம் கறுத்துப் பழுப்பாகிவிடும். மேடான எழுத்தின் முகம் மட்டும் செருப்பும் ஷூவும் உரசி உரசி மஞ்சளாகப் பளபளக்கும். நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் மேடான வேலைப்பாடு மட்டும் மின்னுமே, அதே கதைதான். ஆளில்லாத தெருவில் பதித்தால் முழுத் தகடும் கறுத்துப்போகும். கூட்டம் நடக்கிற தெருவில் எழுத்து தானாகவே துலங்கும். செயின்ட் லூயிஸில் பனிக்காலம் கடுமையானது. பனி உருகுவதற்காக நடைபாதையில் தூவுகிற உப்புதான் இந்த உலோகத்துக்குப் பெரிய எதிரி.

நம்மவர்களுக்கு இதில் ஒரு நெருடல் வரும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரர்கள் நாம். ஒரு பெரிய மனிதரின் பெயரை மிதிபடும் இடத்திலா வைப்பார்கள்? யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் அந்த வழக்கம் இருக்கிறது. பழைய கோயில்களில் வாசலுக்கு முன்னால் தரைக்கல்லில் ஒருவர் சாஷ்டாங்கமாகக் கிடப்பது போன்ற உருவமும் பெயரும் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியார் பாதம் பட வேண்டும் என்ற ஆசை. வைணவக் கோயில்களில் கருவறைக்கு முன்னுள்ள படிக்கே 'குலசேகரன் படி' என்று பெயர். ஆனால் அங்கே கிடப்பவர் தானாக விரும்பிக் கிடக்கிறார். அமெரிக்க நடைபாதையில் மிதிபடுவது பக்தியினால் வந்தது இல்லை, புகழினால் வந்தது. அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதும் இல்லை. ஹாலிவுட்டில் முகமது அலிக்கு நட்சத்திரம் கொடுத்தபோது, நபிகள் நாயகத்தின் பெயர் கொண்ட தன் பெயரை யாரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருடைய நட்சத்திரம் மட்டும் இன்றும் சுவரில் இருக்கிறது.

சரி, லூப் பகுதியில் இதையெல்லாம் பதிப்பது யார்? அரசாங்கம் இல்லை. ஜோ எட்வர்ட்ஸ் என்ற உணவக முதலாளி. 1972இல் டெல்மாரில் 'புளூபெர்ரி ஹில்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். அப்போது அந்தச் சாலை நொடித்துப்போய்க் கிடந்தது. கடைகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஒரு கடை மட்டும் நன்றாக ஓடிப் பயனில்லை, தெருவே ஓட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. 1988இல் 'செயின்ட் லூயிஸ் வாக் ஆஃப் ஃபேம்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் நட்சத்திரங்கள் 1989இல் தரையில் இறங்கின. ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரி அந்த முதல் வரிசையிலேயே இருந்தார். பிற்பாடு அதே சக் பெர்ரி, எட்வர்ட்ஸின் உணவகத்தின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு கச்சேரி என்று 200க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். தகடு, கச்சேரி, சாப்பாடு, கூட்டம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தெரு எழுந்தது. 2007இல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கம் நாட்டின் சிறந்த 10 தெருக்களில் ஒன்றாக டெல்மார் லூப்பைச் சேர்த்தது.

இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நடைபாதைத் தகடு என்பது கலைஞருக்குச் செய்யும் மரியாதை மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தெரு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற ஒரு வாக்கியம் அது. ஹாலிவுட்டில் இது இன்னும் வெளிப்படை. அங்கே நட்சத்திரங்களை நிர்வகிப்பது உள்ளூர் வணிகர் சங்கம். ஒரு நட்சத்திரத்துக்கு 75,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும், பெரும்பாலும் படக் கம்பெனியோ இசைத்தட்டுக் கம்பெனியோ கட்டும். மைல்ஸ் டேவிஸுக்கு அங்கேயும் ஒன்று இருக்கிறது, இறந்த பிறகு 1998இல் வைத்தது. ஹாலிவுட் நட்சத்திரத்தில் பெயரும் துறையைக் குறிக்கும் ஒரு சின்னமும் தவிர வேறெதுவும் இருக்காது. இசைக்காரர் என்றால் ஒரு இசைத்தட்டின் படம், அவ்வளவுதான். செயின்ட் லூயிஸ்காரர்கள் வாழ்க்கைக் கதையையும் சேர்த்து வார்த்து வைத்தார்கள். அதனால் நின்று, குனிந்து, படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தெருவில் இடம்பெற இரண்டு நிபந்தனைகள். ஒன்று, செயின்ட் லூயிஸ் பகுதியில் பிறந்திருக்க வேண்டும், அல்லது ஆளாக்கிய காலத்தையோ படைப்பின் முக்கியக் காலத்தையோ அங்கே கழித்திருக்க வேண்டும். இரண்டு, செய்த காரியம் நாடு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதில் டேவிஸுக்குச் சிக்கலே இல்லை. முதலாவதில்தான் கொஞ்சம் கதை இருக்கிறது.

அவர் பிறந்தது செயின்ட் லூயிஸில் இல்லை. 1926 மே 26 அன்று, ஆல்டன் என்ற சிற்றூரில். அது மிசிசிப்பி ஆற்றின் மறுகரை, இல்லினாய் மாநிலம். மறு வருஷமே குடும்பம் கிழக்கு செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் செயின்ட் லூயிஸ் இருந்தாலும் அதுவும் இல்லினாய்தான், தனி நகரம். இன்று மூன்று ஊர்களும் அவரைத் தங்கள் பிள்ளை என்கின்றன. ஆல்டன் 2015இல் கடைத்தெருவில் வெண்கலச் சிலை வைத்தது. கிழக்கு செயின்ட் லூயிஸில் கான்சாஸ் அவென்யூவில் அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். ஆற்றைத் தாண்டி வந்த பெரிய நகரத்தின் பங்குதான் டெல்மார் தகடு. அதிகம் பேர் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் கூட்டம் இருப்பது அங்கே. கிழக்கு செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 1950இல் 82,000க்கு மேல். 2020இல் 19,000கூட இல்லை. ஆளில்லாத தெருவில் வெண்கலம் கறுத்துப்போகும் என்று மேலே சொன்னேனே, அது ஊருக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

கிழக்கு செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை ஊர். தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வந்தார்கள். 1917 ஜூலையில் வெள்ளையர் கும்பல்கள் அவர்களுடைய குடியிருப்புகளுக்குத் தீ வைத்தன. தப்பி ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள். அரசுக் கணக்கில் இறந்த கறுப்பினத்தவர் 39 பேர். உண்மையான எண்ணிக்கை 100ஐத் தாண்டும் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. மைல்ஸ் பிறப்பதற்கு 9 ஆண்டு முன்பு நடந்தது இது. ஆனால் ஊரார் வாயில் அந்தக் கதை ஓயவில்லை, அவருடைய சுயசரிதையிலும் வருகிறது. அவர் அப்பா பல் மருத்துவர். குடும்பத்துக்கு வசதி இருந்தது, ஊருக்கு வெளியே பண்ணைகூட இருந்தது. ஜாஸ் கலைஞன் என்றாலே வறுமையில் பிறந்து, கிடைத்த ஊதுகுழலை எடுத்து வாசித்தவன் என்று ஒரு கதை ஓடுமே, அது இவருக்குப் பொருந்தாது. அந்த வசதி அவரை எதிலிருந்து காப்பாற்றியது, எதிலிருந்து காப்பாற்றவில்லை என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் எல்வுட் புக்கானன் என்ற ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார். அந்தக் காலத்தில் ட்ரம்பெட் வாசிப்பவர்கள் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அதை நடுங்கவிட்டு அழகு பண்ணுவார்கள். புக்கானன் அதைத் தடுத்தார். வயதானால் தானாகவே நடுக்கம் வந்துவிடும், இப்போதே எதற்கு, நேராகப் பிடி என்பாராம். மைல்ஸின் ட்ரம்பெட்டை முதன்முதலாகக் கேட்கும் கர்நாடக சங்கீத ரசிகர்கள் இங்கேதான் திணறுவார்கள் என்பது என் அபிப்பிராயம். நம் காது கமகத்துக்குப் பழகியது. ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒற்றை ஸ்வரம் நமக்கு மொட்டையாகத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், அந்த ஸ்வரம் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, நடுவில் எவ்வளவு மௌனம் விடுகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று பிடிபடும். செயின்ட் லூயிஸ் பகுதியிலிருந்து வந்த ட்ரம்பெட்காரர்கள் ஒரு தனி வரிசை. மைல்ஸைவிட வயதில் மூத்த, அவர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட கிளார்க் டெர்ரிக்கும் டெல்மாரில் 1996இல் தகடு பதித்தார்கள்.

இப்போது சாலைக்கு வருவோம். டெல்மார் வெறும் கடைத்தெரு மட்டும் கிடையாது. செயின்ட் லூயிஸ் நகருக்குள் அது ஒரு கோடு. வடக்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள், தெற்கே பெரும்பாலும் வெள்ளையர். 'டெல்மார் பிரிவு' என்றே அதற்குப் பெயர். சாலையின் ஒரு பக்கம் வீட்டு விலை ஒன்று, எதிர்ப்பக்கம் வேறொன்று. இது தானாக விழுந்த கோடு இல்லை. 1916இல் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்கும் உள்ளூர்ச் சட்டத்துக்கு செயின்ட் லூயிஸ் மக்கள் வாக்களித்தே ஒப்புதல் கொடுத்தார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. அப்புறம் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுப் பத்திரத்திலேயே, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று ஒரு ஷரத்து. அதை எதிர்த்து ஷெல்லி என்ற குடும்பம் போராடிய வழக்கில், இத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்டப் படிப்பில் தவறாமல் வருகிற அந்த வழக்கின் வீடும் செயின்ட் லூயிஸில், லபாடி அவென்யூவில்தான் இருக்கிறது. டெல்மாருக்கு வடக்கே.

இந்தச் சாலையில்தான், தகடு இருக்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே, கதவிலக்கம் 4460இல் கிளப் ரிவியரா இருந்தது. கறுப்பின அரசியல் தலைவர் ஜோர்டன் சேம்பர்ஸ் நடத்திய இரவு விடுதி. 1944இல் பில்லி எக்ஸ்டைனின் இசைக்குழு செயின்ட் லூயிஸுக்கு வந்தது. அந்தக் குழுவில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். டிஸ்ஸி கில்லெஸ்பி ட்ரம்பெட், சார்லி பார்க்கர் சாக்சபோன், ஆர்ட் பிளேக்கி டிரம்ஸ், சாரா வான் பாட்டு. முதலில் அவர்களை அழைத்தது வெள்ளையர் மட்டும் வந்து கேட்கும் பிளான்டேஷன் கிளப். வாசிப்பவர்கள் கறுப்பினத்தவராக இருக்கலாம், ஆனால் பின்வாசல் வழியாக வர வேண்டும். குழுவினர் முன்வாசல் வழியாக நுழைந்தார்கள். அங்கே கச்சேரி நடக்கவில்லை, குழு ரிவியராவுக்கு மாறியது என்று டேவிஸ் எழுதியிருக்கிறார்.

18 வயது மைல்ஸ் தன் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரிவியராவுக்குள் நுழைகிறார். உள்ளிருந்து ஒருவர் ஓடி வந்து, தம்பி, நீ வாசிப்பாயா, யூனியன் கார்டு (இசைக்கலைஞர் சங்க அட்டை) இருக்கிறதா என்று கேட்கிறார். கேட்டது கில்லெஸ்பி. குழுவில் ஒரு ட்ரம்பெட்காரருக்குக் காசநோய், ஆள் குறைகிறது. பையனிடம் கார்டு இருந்தது. மேடையில் உட்கார்ந்ததும், பக்கத்தில் வாசிப்பவர்களைக் கேட்கும் பரவசத்தில் முன்னால் இருந்த இசைக்குறிப்பைப் படிக்கவே முடியவில்லை என்கிறார். ஏறக்குறைய இரண்டு வாரம் வாசித்தார். அந்த இலையுதிர் காலத்திலேயே நியூயார்க்குக்குப் போய் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேர்ந்தார். வகுப்பைவிட அதிக நேரம் பார்க்கரைத் தேடி அலைந்தார். 1989இல் வெளிவந்த சுயசரிதையை அவர் ஆரம்பிப்பதே செயின்ட் லூயிஸில் கில்லெஸ்பியையும் பார்க்கரையும் சேர்த்துக் கேட்ட அந்த அனுபவத்திலிருந்துதான். வாழ்நாள் முழுக்க அந்த இரவின் இசையை எட்டிப்பிடிக்கவே முயன்றதாகவும் சொல்கிறார். ஆகவே டெல்மாருக்கு அவர்மேல் உரிமை கொண்டாட நியாயம் இருக்கிறது. என்ன, நியாயமான இடம் லூப் இல்லை. கோடு விழுந்த பகுதியில், அதே சாலையின் கிழக்குப் பக்கம்.

நடைபாதைத் தகடுகளுக்கு இது பொதுவான குணம். சம்பவம் நடந்த இடத்தில் அவை அநேகமாக இருக்காது, மக்கள் நடக்கிற இடத்தில்தான் இருக்கும். நியூயார்க்கில் 52வது தெருவில் 'ஸ்விங் ஸ்ட்ரீட்' என்ற பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. 1930, 40களில் அங்கே வரிசையாகப் பழைய பழுப்புக்கல் வீடுகள், அவற்றின் கீழ்த்தளங்களில் சின்னச் சின்ன ஜாஸ் கிளப்புகள். இன்று அந்த வீடுகள் போய் அலுவலக உயர்மாடிகள் எழுந்துவிட்டன. பெயர் இருக்கிறது, இடம் இல்லை.

அந்தத் தெருவை ஒட்டித்தான் மைல்ஸின் வாழ்க்கையில் இன்னொரு நடைபாதை வருகிறது. பிராட்வேயில், 52வது தெருவுக்குச் சற்று வடக்கே, பேர்ட்லேண்ட் கிளப். 1959 ஆகஸ்ட் 25 இரவு. அவருடைய 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டு வெளிவந்து 8 நாள்தான் ஆகியிருந்தது. வாசித்துவிட்டு இடைவேளையில் வெளியே வந்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சியில் ஏற்றிவிட்டு, கிளப் வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் வந்து, இங்கே நிற்காதே, நகரு என்றார். நான் இங்கேதான் வாசிக்கிறேன், மேலே இருப்பது என் பெயர்தான் என்று வாசல் பலகையைக் காட்டினார். நகரவில்லை. வாக்குவாதம் கைகலப்பாக மாற, பின்னாலிருந்து வந்த ஒரு துப்பறியும் அதிகாரி தடியால் தலையில் அடித்தார். ரத்தம் தோய்ந்த சட்டையோடு காவல் நிலையம், மருத்துவமனை, தலையில் தையல். மறுநாள் பத்திரிகைகளில் படம். கிளப்பில் வாசிப்பதற்குப் போலீஸ் கொடுக்கும் 'காபரே கார்டு' என்ற அனுமதிச் சீட்டையும் பறித்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் இரவு விடுதியில் வாசிக்க முடியாது. பாடகி பில்லி ஹாலிடே, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் எல்லோரும் அதை இழந்து பல வருஷம் தவித்தவர்கள். மைல்ஸுக்குச் சீக்கிரமே திரும்பக் கிடைத்தது. 1960 ஜனவரிக்குள் வழக்குகளிலிருந்தும் விடுதலை ஆனார். அப்பா பல் மருத்துவர், கையில் பணம், தலைக்கு மேலே விளக்கு வெளிச்சத்தில் சொந்தப் பெயர். நடைபாதையில் நிற்பதற்கு இவ்வளவும் போதவில்லை.

2009இல் 'கைண்ட் ஆஃப் புளூ'வின் 50ஆம் ஆண்டு நிறைவுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை பாராட்டுத் தீர்மானம் போட்டது. ஆதரவு 409, எதிர்ப்பு பூஜ்யம்.

ஒரு தகட்டில் கொஞ்சம் வரிகளுக்குத்தான் இடம் இருக்கும். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், யாரோடு வாசித்தார், எந்தெந்தப் பாணியை மாற்றினார், எந்த இசைத்தட்டு பெயர் வாங்கியது. ஒரு மனிதரைப் பற்றிப் பல்லாயிரம் பேர் நின்றபடி படிக்க அது போதும், அதைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் தடியையும் வீட்டுப் பத்திரத்தின் ஷரத்தையும் வார்ப்பில் எழுதி வையுங்கள் என்று உணவக முதலாளியிடம் கேட்கவும் முடியாது. தெரியாமல் மிதித்துப் போகிறவர்களில் ஒருவர் நின்று, யார் இது என்று செல்போனில் தேடி, அந்த ட்ரம்பெட்டைக் காதில் மாட்டிக்கொண்டு மிச்சத் தெருவை நடந்தால் தகடு தன் வேலையைச் செய்துவிட்டது.

நியூயார்க்கும் ஒருவழியாக அவருக்கு ஒரு தெருவைக் கொடுத்தது. மேற்கு 77வது தெருவில், 312ஆம் இலக்கக் கட்டடத்தில் அவர் 1960, 70களில் குடியிருந்தார். 2014 மே 26, அவர் பிறந்தநாளன்று, அந்தத் தெருவின் ஒரு பகுதிக்கு 'மைல்ஸ் டேவிஸ் வே' என்று பெயர் வைத்துப் பலகை திறந்தார்கள். பேர்ட்லேண்ட் வாசலிலிருந்து ஏறக்குறைய 25 தெரு வடக்கே. பலகை தரையில் இல்லை, கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. படிக்க வேண்டுமானால் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.